பக்கத்து வீட்டுப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லலாமா, சும்மா இருந்துவிடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் வந்து படிக்கிறவர்களுக்கு உதவும். வேலை மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. வாடகை வீட்டுக்கு ஒரு பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்) குடும்பம், மறுபக்கம் முஸ்லிம் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிறிஸ்தவ வீட்டம்மாவுக்கு வாட்ஸப்பில் 'ஹேப்பி குட் ஃப்ரைடே' அனுப்பினீர்கள், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் பலகாரத் தட்டு கொண்டுபோனீர்கள். அந்த அம்மா 'சாமிக்குப் படைச்சதா?' என்று கேட்டுத் தயங்கித் தயங்கி வாங்கினார். முஸ்லிம் வீட்டில் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள், ஆனால் தீபாவளி வாழ்த்து என்று ஒரு வார்த்தை வரவில்லை; சாயங்காலம் தட்டைக் கழுவி, அதில் ஒரு கை சீனியைப் போட்டுத் திருப்பித் தந்தார்கள், இது என்ன கிண்டலா என்று கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் வாழ்த்துச் சொல்வதா, பேசாமல் இருந்துவிடுவதா, எந்த வார்த்தை சரி, அவர்கள் மதத்தில் இதற்கெல்லாம் தடை இருக்கிறதா, இவ்வளவுதான்.

எந்த வார்த்தை என்று கேட்டாலும் உங்களுக்கு உறுத்துவது வேறு என்று படுகிறது. நான் ஒரு எட்டு எடுத்து வைத்தேன், அவர்கள் வைத்தார்களா இல்லையா, அதைத்தானே கேட்கிறீர்கள்? வைத்தார்கள் என்பது என் எண்ணம். எதை வைத்துச் சொல்கிறேன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் மதம் படித்தவன் இல்லை. 34 வருடம் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகம் நடத்தினேன். ஈய எழுத்தைக் கையால் கோத்து ட்ரெடில் மிஷினில் மிதித்து ஓட்டிய காலத்தில் ஆரம்பித்து, ஆஃப்செட் வந்து, அப்புறம் எல்லாரும் ஃப்ளெக்ஸுக்கும் போனுக்கும் போன பிறகு ஷட்டரை இறக்கினேன். படம் போட்ட வெற்று அட்டை சிவகாசியிலிருந்து கட்டுக்கட்டாக வரும், நாங்கள் உள்ளே பெயரும் வாசகமும் அடித்துக் கொடுப்போம். தீபாவளி, கிறிஸ்துமஸ், பெருநாள், பொங்கல் என்று வருடத்தில் நாலு சீசன். மூன்று மதத்து ஆட்களும் கவுன்டரில் நின்று 'அண்ணாச்சி, இந்த வார்த்தை வேண்டாம், இதைப் போடுங்க' என்று திருத்தித் திருத்தியே எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஆகவே யார் எந்தச் சொல்லை விரும்புவார்கள் என்பதில் நான் சொல்வதை நம்பலாம். மார்க்கம் எதை அனுமதிக்கிறது என்பதில் ஆலிமையோ (இஸ்லாமிய மார்க்கம் படித்தவர்) ஐயரையோதான் கேட்க வேண்டும் (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரையும் ஐயர் என்றுதான் சொல்வோம், குழம்பிவிடாதீர்கள்). உங்கள் பக்கத்து வீட்டம்மாவின் மனதில் என்ன இருக்கிறது என்பது பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம்.

முதலில் வெள்ளிக்கிழமை விஷயம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, தவறு உங்கள் பக்கம். பெரிய வெள்ளி இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாள். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை கோயிலில் உட்கார்ந்து, சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வருவார்கள். அதற்கு முன் நாற்பது நாள் லெந்து காலம், ஆர்.சி.க்காரர்கள் (ரோமன் கத்தோலிக்கர்) தவக்காலம் என்பார்கள், பல வீட்டில் கறி மீன் கிடையாது. துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு வாசலில் நின்று வாழ்த்துச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்திருக்கும் அந்தச் செய்தி. ஆனாலும் அவர் கோபப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, வருடா வருடம் யாராவது ஒருவர் அனுப்பத்தான் செய்கிறார்கள். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் விட்டிருப்பார். மனது கேட்கவில்லை என்றால், 'அக்கா, அன்னைக்குத் தெரியாம அனுப்பிட்டேன்' என்று ஒரு வரி சொல்லுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார். வாழ்த்துக்கு உரிய நாள் இரண்டு நாள் தள்ளி வருகிற ஞாயிறு, ஈஸ்டர். தேதி வருடத்துக்கு வருடம் மாறும், மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்காவது விழும்.

இதே தப்பு முஹர்ரத்திலும் நடக்கும். அந்த மாதத்தின் பத்தாம் நாள், நபியின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள், கி.பி. 680இல் நடந்தது. காலண்டரில் சிவப்பாகப் போட்டிருக்கிறது என்பதற்காக 'ஹேப்பி முஹர்ரம்' என்று தட்டிவிடாதீர்கள். நம் பக்கமும் அப்படித்தானே, அமாவாசைக்கு லீவு விட்டாலும் மகாளய அமாவாசை வாழ்த்துகள் என்று யாராவது சொன்னால் ஒரு மாதிரி ஆகிவிடும் இல்லையா?

இப்போது வார்த்தை. ரமலான் என்பது மாதத்தின் பெயர். நோன்பு முடிந்து அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் நாள் வருவதுதான் பண்டிகை. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அதை நோன்புப் பெருநாள் என்பார்கள், பக்ரீத்தை ஹஜ்ஜுப் பெருநாள் என்பார்கள். 'ரம்ஜான்' என்பது உருது வழியாக வந்த உச்சரிப்பு, மேலப்பாளையத்துக்காரரும் காயல்பட்டினத்துக்காரரும் அட்டையில் 'ரமலான்' என்றுதான் அடிக்கச் சொல்வார்கள். 'ஈத் முபாரக்' தாராளமாகச் சொல்லலாம், ஆனால் ஒரு வெளியாள் வந்து 'பெருநாள் வாழ்த்துகள்' என்று தமிழில் சொன்னபோது கவுன்டரில் நின்ற பாய் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன், அவர் வீட்டுக்குள் புழங்குகிற சொல் அது. (வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டை எங்கள் அச்சகத்தில் 34 வருடமும் ஓய்ந்ததில்லை. 'க்' போட்டால் 'கள்' தனியே பிரிந்து குடிக்கிற பனங்கள் ஆகிவிடும் என்பார் எங்கள் பிழைதிருத்துபவர், பனை நிறைந்த தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவர், அவருக்கு அந்தக் கவலை.)

பெருநாளுக்கு முந்தின நாளே வாழ்த்தை அனுப்பி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிறை பார்த்த பிறகுதான் பெருநாள். தலைமைக் காஜி அறிவித்த பிறகும், வேறு கணக்கைப் பின்பற்றுகிற ஒரு பகுதியார் அதே ஊரில் ஒரு நாள் முன்னால் தொழுகையை முடித்துவிடுகிற வருடங்கள் உண்டு. இஸ்லாமிய ஆண்டுக்கு 354 நாள் அல்லது 355 நாள் என்பதால் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2004, 2005, 2006 மூன்று வருடமும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் மூன்று நான்கு நாள் இடைவெளியில் வந்தன. அந்த மூன்று வருடமும் ஜவுளிக்கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே அட்டையில் அடிக்கச் சொல்லி வந்தார்கள், காசு மிச்சம். எதை மேலே போடுவது? முதல் வருடம் ஒருவர் தீபாவளியைப் பெரிய எழுத்திலும் ரமலானைச் சிறிய எழுத்திலும் போடச் சொன்னார், நானும் யோசிக்காமல் அடித்துக் கொடுத்தேன். அவருடைய மேலப்பாளையத்து வாடிக்கையாளர் ஒருவர் அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, 'எங்களுக்கு இடம் பத்தலையோ முதலாளி?' என்று மட்டும் கேட்டாராம். அடுத்த இரண்டு வருடமும் ஒரே அளவு எழுத்து, எது முன்னால் வருகிறதோ அது மேலே. ஐந்து பாயின்ட் எழுத்து வித்தியாசத்தை மனிதர்கள் கவனிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்தவர்கள் என்று ஒரே கட்டாகக் கட்டிவிடவும் முடியாது. சி.எஸ்.ஐ.யில் கர்த்தர், பரிசுத்த ஆவி, சங்கீதம், ஆராதனை, ஆர்.சி.யில் ஆண்டவர், தூய ஆவி, திருப்பாடல், திருப்பலி. புதிதாக வந்த பையன் ஒரு ஆர்.சி. வீட்டு அழைப்பிதழில் சி.எஸ்.ஐ. வாசகத்தைக் கோத்துவிட்டு, நானும் ப்ரூஃபில் கவனிக்காமல் விட்டு, 200 அட்டையை மறுபடி அடித்துக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்' இரண்டு பேருக்கும் பொது. ஆனால் பெந்தெகொஸ்தே சபைகளில் சில கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை, யெகோவா சாட்சிகள் பிறந்தநாள்கூடக் கொண்டாடமாட்டார்கள். முஸ்லிம்களிலும் நபி பிறந்தநாளான மீலாது விழாவுக்கு வாழ்த்துச் சொன்னால் ஒருவர் மகிழ்வார், அடுத்தவர் 'நாங்க அதக் கொண்டாடுறதில்லயே' என்பார். ஆகவே இரண்டு பெருநாளும் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் போதும், மற்றதெல்லாம் அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்து.

மதத்தில் தடையா என்றீர்கள். இதில் அவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்பதுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம், மற்ற மதத்தாரின் மதப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது கூடாது என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார், இன்றும் அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா, ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் போன்ற, மார்க்கத் தீர்ப்பு சொல்கிற அமைப்புகள் சொல்லலாம், அது பக்கத்து வீட்டாரிடம் காட்டும் நன்னடத்தை என்றன. உங்களோடு போரிடாதவர்களிடம் நன்மையாகவும் நீதியாகவும் நடப்பதை இறைவன் தடுக்கவில்லை என்ற குர்ஆனின் 60ஆம் அத்தியாயம் 8ஆம் வசனத்தை அவர்கள் காட்டுவார்கள். உங்களுக்கு ஒருவர் வாழ்த்துக் கூறினால் அதைவிட அழகாகவோ அதே போலவோ திருப்பிக் கூறுங்கள் என்று 4ஆம் அத்தியாயத்திலும் ஒரு வசனம் (86) உண்டு. நான் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தவன், அதற்கு மேல் போகமாட்டேன். ஆனால் இந்த வேறுபாடு இருக்கிறது என்று தெரிந்தால், வாயால் தீபாவளி வாழ்த்து என்று சொல்லாத ஒரு வீட்டை வெறுப்பு வீடு என்று நினைக்கத் தோன்றாது. சொல் விஷயத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மற்ற எல்லாவற்றிலும் வாசலைத் திறந்து வைத்திருக்கிற வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். நம் ஆட்களிலும் உண்டே, கிறிஸ்துமஸ் என்ற சொல்லே வேண்டாம், புத்தாண்டு வாழ்த்து மட்டும் போடுங்க என்று டிசம்பர் 20ஆம் தேதி வந்து நின்றவர்களுக்கும் நான் அட்டை அடித்திருக்கிறேன்.

'படைச்சதா' என்ற கேள்வியும் அப்படித்தான். அது குத்தல் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் 8ஆம் அதிகாரம் முழுக்கவும் 10ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதியும் இதைப் பற்றியே பேசுகின்றன. உன் முன் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் ஒருவன் இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று உனக்குச் சொன்னால் சாப்பிடாதே என்பது போல வரும். அதைப் படித்து வளர்ந்தவர் கேட்கத்தான் செய்வார். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்தே ஒரு வழக்கம், சாமி முன்னால் இலை போடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பங்கைத் தனித்தூக்கில் எடுத்து வைத்துவிடுவது. கொடுக்கும்போது 'இது படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்சது' என்று அம்மாவே சொல்லிவிடுவாள், எதிராளி கேட்கிற சங்கடம் வராது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மறுத்தாலும் அடுத்த தடவை படைக்காத பலகாரமாக, அல்லது கடை அல்வாவாகக் கொண்டுபோங்கள். திருநெல்வேலியில் அல்வாவுக்கு மதம் கிடையாது.

எதிர்த் திசையிலும் இதே சிக்கல் வரும். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் சுத்த சைவம். அச்சகத்துக்கு வேலை கொடுக்கிற ஒரு காயல்பட்டினத்துக்காரர் பெருநாளுக்கு எல்லாருக்கும் பிரியாணி அனுப்பி, இவருக்கு மட்டும் மறக்காமல் ஒரு டப்பாவில் வட்டிலப்பம் வைத்து அனுப்புவார். நாலு வருடம் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார் மனிதர். ஐந்தாம் வருடம் எவனோ ஒருவன், 'அதுல முட்டதான அண்ணாச்சி ஜாஸ்தி' என்று போட்டு உடைத்துவிட்டான். கம்பாசிட்டர் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. காயல்காரருக்கு விஷயம் போய், அவர் பதறியடித்து வந்து, கேக்கு சாப்பிடுறவருக்கு முட்டை ஆகாதுன்னு எனக்குத் தோணலையே என்றார். அந்த வாரமே ஒரு தூக்கு சேமியா பாயசம் வந்தது. ஆகவே சாப்பிடாததை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கறி கொண்டுவந்தால், 'நாங்க கறி சாப்பிடுறதில்ல பாய்' என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

இந்தப் பழக்கமெல்லாம் இங்கே நேற்று வந்ததில்லை. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற கிறிஸ்தவ அம்மா கட்டின கோயில் 1785ஆம் வருடத்தது. சாத்தான்குளம் பக்கத்து முதலூர், கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று அமைத்த முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர், 1799. இருநூறு வருடத்துக்கு மேலாக அண்ணன் வீடு சாமி கும்பிடும், தம்பி வீடு வேதக்கோயிலுக்கு (சர்ச்சுக்கு) போகும் என்று ஒரே குடும்பம் இரண்டு பண்டிகை வைத்திருக்கிற ஊர்கள் இங்கே ஏராளம். அங்கே வாழ்த்து என்பது மைனிக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் நடக்கிற சமாச்சாரம். சர்ச் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் (பொது விருந்து) போட்டால் ஊரே தூக்குச்சட்டியோடு வரும். பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குப் போகிற கூட்டத்திலும், உவரி அந்தோணியார் கோயிலில் படுத்துக் கிடக்கிற கூட்டத்திலும் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். இதைக் கேட்டு எங்கள் ஊர் சமத்துவத்தில் மிதக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மதம் தாண்டித் தட்டு போகிற தெருவிலேயே சாதி தாண்டித் தட்டு போகாத வீடுகள் உண்டு, அது வேறு பதிலுக்கு உரியது.

போனில் அனுப்புவதா நேரில் போவதா என்றால், பக்கத்து வீட்டுக்கு நேரில்தான். ஆயிரம் பேருக்கு அனுப்பின விளக்குப் படத்தையே அவருக்கும் தட்டிவிட்டால் அதற்குப் பதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெருநாள் என்றால் காலையில் தொழுகை முடித்து வருகிற வரை பொறுத்துப் போங்கள், கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து தூங்குவார்கள், பதினோரு மணிக்கு மேல் போங்கள். இரண்டு நிமிடம் நின்று, பிள்ளைகள் புதுச் சட்டையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும்.

கடைசியாக அந்தச் சீனி. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் அப்போதைக்கு என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக் கொடுப்பார்கள்: இரண்டு பழம், ஒரு பனங்கிழங்குக் கட்டு, ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கை சீனி. உப்போ புளியோ போடமாட்டார்கள். எல்லா வீட்டிலும் இன்றைக்கு இது இருக்கிறது என்று சொல்லமாட்டேன், எவர்சில்வர் தட்டு போய் பிளாஸ்டிக் டப்பா வந்த பிறகு குறைந்துவிட்டது. யூஸ் அண்ட் த்ரோ டப்பாவை யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்? ஆனால் உங்கள் பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பெரிய மனுஷி, அநேகமாக அந்த வீட்டு உம்மா (அம்மா), வெறும் தட்டு போகக் கூடாது என்று சொல்லி எழுந்து போய் டப்பாவைத் திறந்து சீனி அள்ளிப் போட்டிருக்கிறார். தீபாவளி வாழ்த்து என்று அவர் வாயால் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீங்கள் அதை என்ன செய்தீர்கள், கொட்டிவிட்டீர்களா, டீயில் போட்டீர்களா?

டிசம்பர் 24 சாயங்காலமோ மறுநாளோ அந்தக் கிறிஸ்தவ வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும், முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அதிரசமும், மேலே ஒரு துண்டு கேக்கும் வைத்து. பேரப்பிள்ளை யாராவது கொண்டுவந்து வாசலிலேயே நிற்கும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டைக் கழுவித் துடைத்து, ரெண்டு நாட்டுப்பழமாவது போட்டு அனுப்புங்கள்.